டேட்டா ஷீட் இல்லாத ரேடியோ

"மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுப்பா. ஆனால் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கதை மட்டும் வேண்டாம், அது ஏற்கனவே ஏழெட்டு வந்திருக்கு" என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் வேறு எதைப் பற்றி எழுதுவான்? ரேடியோவைப் பற்றித்தான். ஆனால் நான் சொல்லப்போவது ஆகாசவாணி ரேடியோ அல்ல. குழந்தைகள் கையில் வைத்து விளையாடும் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருந்த ரேடியோ. "அட, இது பசங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கிய பிறகும் அது உண்மையில் யாருடையது என்ற கேள்வி இந்தக் கதைக்குள் இருக்கிறது.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'டி.எஸ்.' என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை 2004 நவம்பர் 21 அன்று அமெரிக்காவிலும், டிசம்பர் 2 அன்று ஜப்பானிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. புத்தகம்போல மடக்கலாம். இரண்டு திரைகள், கீழ்த்திரையைத் தொட்டு விளையாடலாம். பின்னர் வந்த மாறுதல் செய்த மாடல்களையும் சேர்த்து உலகம் முழுவதும் சுமார் 15 கோடியே 40 லட்சம் கருவிகள் விற்பனையாயின. உள்ளே 67 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்ம்-9 பிராசஸர் ஒன்று, 33 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்ம்-7 பிராசஸர் ஒன்று, 4 மெகாபைட் மெமரி. இவற்றோடு 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஒரு ரேடியோ. வினாடிக்கு 1 அல்லது 2 மெகாபிட், அவ்வளவுதான் அதன் வேகம்.

இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1985-இல்தான், தொழிற்கூடங்களுக்கும் மைக்ரோவேவ் அடுப்புகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்த அந்த வரிசையை, தனி லைசென்ஸ் இல்லாமல் தகவல் பரிமாற்றத்துக்கும் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. நம் நாட்டிலும் 2005 ஜனவரியில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று விதி வந்தது. ஆக, காற்று எல்லோருக்கும் பொது. காற்றில் பேசும் 802.11 என்ற முறையும் அச்சிட்ட தரம், யாரும் படிக்கலாம். ஆனால் டி.எஸ். கருவியில் அந்த ரேடியோவை எந்த ரெஜிஸ்டரில் என்ன எண்ணை எழுதி இயக்குவது என்பது மட்டும் ரகசியம். நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட விளையாட்டுக் கம்பெனிகளுக்குத்தான் அந்தக் கையேடு கிடைக்கும்.

நம் லேபில் டேட்டா ஷீட்டைப் புரட்டாமல் ஒரு ஐ.சி.க்கு சப்ளை கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது நம் செட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்தக் கருவியை வாங்கிய கோடிக்கணக்கானவர்களிடம் ரேடியோ இருந்தது, டேட்டா ஷீட் இல்லை. அதை யார், எப்படி எழுதினார்கள் என்பதுதான் இனி வரும் கதை.

முதல் கதவு

டி.எஸ்.ஸில் ஒரு வசதி. விளையாட்டு அட்டை ஒருவரிடம் மட்டும் இருந்தாலும், பக்கத்தில் இருக்கும் நண்பரின் கருவிக்கு அந்த விளையாட்டின் ஒரு பகுதியை வானொலி வழியே அனுப்பலாம். இதற்கு 'டவுன்லோடு ப்ளே' என்று பெயர். "ஒரு டி.எஸ். இன்னொரு டி.எஸ்.ஸுக்குப் புரோகிராம் அனுப்ப முடியும் என்றால், கம்ப்யூட்டரிலிருந்து ஏன் அனுப்பக் கூடாது?" என்று ஆர்வலர்கள் சிலர் யோசித்தார்கள். அவர்கள் பல நாடுகளில் இருந்தவர்கள். பெரும்பாலும் ஒருவரையொருவர் முகம் பார்த்ததில்லை.

அதற்கு, டி.எஸ். பேசும் விதத்திலேயே பேசக்கூடிய வைஃபை கார்டு கம்ப்யூட்டரில் வேண்டும். சாதாரண கார்டின் டிரைவர் அப்படி இஷ்டத்துக்கு வளைந்து கொடுக்காது. தைவானைச் சேர்ந்த ராலிங்க் என்ற சிப் நிறுவனம் தன் ஆர்.டி.2500 வரிசைச் சிப்புகளுக்கான லினக்ஸ் டிரைவரை மூல நிரலோடு, ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டிருந்தது. ஒரு நிறுவனம் மூடி வைத்ததைத் திறக்க, இன்னொரு நிறுவனம் திறந்து வைத்தது உதவியது. ராலிங்க் சிப் உள்ள கார்டுக்கு டிரைவரை மாற்றி எழுதி, 2005-இல் கம்ப்யூட்டரிலிருந்து டி.எஸ்.ஸுக்குக் காற்றிலேயே புரோகிராம் அனுப்பும் வழியை உண்டாக்கினார்கள்.

இன்னும் ஒரு தடை பாக்கி. நிறுவனத்தின் ஆர்.எஸ்.ஏ. கையொப்பம் இல்லாத புரோகிராமைக் கருவி ஓட்டாது. சரிபார்க்கும் முறையில் இருந்த ஓட்டைகளைத் தேடி ஒன்றிரண்டு வழிகள் கண்டார்கள். 'பாஸ்மீ' என்ற சிறு அட்டை ஒன்று வந்தது. 'ஃப்ளாஷ்மீ' என்ற மாற்று ஃபர்ம்வேர் வந்தது. இதை ஏற்ற வேண்டுமானால் பேட்டரி மூடியைக் கழற்றி, உள்ளே போர்டில் இருக்கும் இரண்டு சிறு புள்ளிகளை அலுமினியத் தாளாலோ ஸ்க்ரூடிரைவர் நுனியாலோ இணைத்துப் பிடிக்க வேண்டும். ஃபர்ம்வேர் ஏறும்வரை கை நடுங்கக் கூடாது! அதன்பின் கையொப்பச் சோதனை இல்லை. தான் எழுதிய புரோகிராமைத் தன் கருவியில் ஓட்டலாம்.

எட்டுக் கிலோபைட் வித்தை

ஆனால் இதுவரை சொன்னது கருவிக்குள் புரோகிராமைக் கொண்டுபோகும் வழி மட்டுமே. கருவிக்குள் ஓடும் அந்தப் புரோகிராமே ரேடியோவை இயக்கி, வீட்டிலுள்ள வைஃபை வழியாக இன்டர்நெட்டுக்குப் போவது வேறு வேலை. உண்மையான சிரமம் அங்கேதான்.

டி.எஸ்.ஸில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு விளையாட்டும் தனக்கு வேண்டிய நெட்வொர்க் புரோகிராமைத் தன் அட்டையிலேயே சுமந்து வரும். எனவே வெளியாள் ஒருவர் எழுதுவதானால் அடிமட்டத்திலிருந்து எல்லாவற்றையும் தானே எழுத வேண்டும். ரேடியோ ஆர்ம்-7 பக்கத்தில் இணைந்திருக்கிறது. விளையாட்டு ஓடுவதோ ஆர்ம்-9 பக்கம். இரண்டும் பொது மெமரி வழியே ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ள வேண்டும். ரேடியோவுக்கென்று உள்ள மெமரி வெறும் 8 கிலோபைட். அனுப்புவதும் வாங்குவதும் அதற்குள்தான்.

வேலையின் வரிசையைப் பாருங்கள். முதலில் ரேடியோ சிப்பைத் துயில் எழுப்ப வேண்டும். அதற்கான அளவுத்திருத்த எண்கள் கருவியின் ஃபர்ம்வேர் சிப்பில் பதிந்திருக்கும். அவற்றை எடுத்துச் சரியான ரெஜிஸ்டர்களில் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு சேனலாகக் காது கொடுத்து, அக்கம்பக்கத்து வைஃபைப் பெட்டிகள் அனுப்பும் அறிவிப்புகளைக் கேட்க வேண்டும். அதில் ஒன்றிடம் அனுமதி கேட்டு, அதன் கூட்டத்தில் சேர வேண்டும். பூட்டு இருந்தால் சாவி கொடுக்க வேண்டும். இதற்கு மேல் ஐ.பி., அதற்கு மேல் டி.சி.பி. பந்திக்குக் கூப்பிடாத கல்யாணத்தில் வாசலில் நின்று, வழக்கம் தெரிந்துகொண்டு, இலை போட வைப்பதுபோலத்தான்.

கையேடு இல்லாமல் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இந்த மாதிரி வேலைக்குப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. கருவியின் சொந்த ஃபர்ம்வேரையோ விளையாட்டையோ பிரித்துப் படித்து, எந்த முகவரியில் எந்த எண்ணை, எந்த வரிசையில் எழுதுகிறது என்று குறித்துக்கொள்வது ஒன்று. பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, காற்றில் போகும் பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்பது மற்றொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு எண்ணை மாற்றிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று மறுபடி கேட்பது. பொறுமைதான் முதலீடு.

இந்த வேலையை முன்னின்று செய்து, 'டி.எஸ்.வைஃபை' என்ற லைப்ரரியாக வெளியிட்டவர் ஸ்டீபன் ஸ்டேர். அதன் மூல நிரலின் தலைப்பில் 2005–2006 என்று ஆண்டு போட்டு அவர் பெயர் இருக்கிறது. பெயருக்குக் கீழே வரும் உரிம வாசகத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன்: யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், என் பெயரையும் இந்த வாசகத்தையும் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பது அதன் சாரம். 'எஸ்ஜி-ஐ.பி.' என்ற சிறு டி.சி.பி./ஐ.பி. அடுக்கையும் அவரே எழுதிச் சேர்த்தார். தான் கண்டறிந்த ரெஜிஸ்டர் விவரங்களைத் தனிக் குறிப்பாகவும் எழுதி வைத்தார். மார்ட்டின் கோர்த் என்பவர் பராமரித்த 'ஜி.பி.ஏ.டெக்' என்ற பெரிய தொழில்நுட்பக் குறிப்பேட்டிலும் டி.எஸ். ரேடியோவுக்கு ஒரு நீண்ட அத்தியாயம் உண்டு. அந்தக் கருவிக்கு டேட்டா ஷீட் வந்துவிட்டது. எழுதியவர்கள்தான் வேறு ஆட்கள்.

இன்னொரு நல்ல காரியம்: யூனிக்ஸில் சாக்கெட் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பழக்கமான அதே கட்டளைகளை அந்த லைப்ரரி தந்தது. ரேடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாத கல்லூரி மாணவன்கூட நாலு வரியில் ஒரு சர்வரோடு பேசலாம். விளைவு உடனே தெரிந்தது. இணையப் பக்கம் பார்க்கவும் அரட்டை அடிக்கவும் 'டி.எஸ்.ஆர்கனைஸ்' வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரின் திரையை டி.எஸ்.ஸில் காட்டும் 'வின்-டு-டி.எஸ்.' வந்தது. டி.எஸ்.ஸின் மைக்கில் பேசி இன்டர்நெட் வழியே டெலிபோன் செய்ய ஒரு புரோகிராம் வந்தது. லினக்ஸையே அந்த 4 மெகாபைட்டுக்குள் அடக்கிய 'டி.எஸ்.லினக்ஸ்' குழுவும் இந்த ரேடியோ வழியே நெட்வொர்க்கில் சேர்ந்தது. நிறுவனமும் 2006-இல் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ஓப்பரா நிறுவனத்தின் பிரவுசரை விற்றது. ஆனால் அதற்குத் தனியாக ஒரு மெமரி அட்டையையும் செருக வேண்டியிருந்தது.

போட்டிக் கருவியான சோனியின் பி.எஸ்.பி.யிலும் (2004 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது) ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. அதில் ஆபரேட்டிங் சிஸ்டமும் அதற்குள்ளேயே நெட்வொர்க் வசதியும் இருந்ததால் வேலை கொஞ்சம் சுலபம். ஒரே அறையில் இருப்பவர்கள் மட்டும் சேர்ந்து ஆட முடிகிற விளையாட்டுகளை, 'எக்ஸ்லிங்க் கை' என்ற இலவசப் புரோகிராம் கம்ப்யூட்டர் வழியே வேறு ஊர்க்காரர்களோடும் ஆட வைத்தது. பின்னர் 2008-இல் சோனியே அதே மாதிரி ஒரு சேவையை ஜப்பானில் தொடங்கியது.

நாணயத்தின் மறுபக்கம்

எல்லாம் நல்லதே என்று எழுதினால் அது நியாயமாகாது. சொந்தப் புரோகிராம் ஓட்டத் திறந்த அதே கதவு வழியே திருட்டு விளையாட்டுகளும் நுழைந்தன. 'ஆர்-4' போன்ற அட்டைகள் கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்தன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் புரோகிராம் எழுத வாங்கவில்லை என்பது ஊரறிந்த விஷயம். நிண்டெண்டோவும் மற்றும் பல விளையாட்டு நிறுவனங்களும் தொடுத்த வழக்கில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2009 பிப்ரவரியில் அவற்றின் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் தடை விதித்தது. ராப்பகலாக உழைத்து விளையாட்டு எழுதியவனுக்கும் வயிறு உண்டு. அவன் பக்க நியாயத்தை மறுக்க முடியாது.

ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைப்பதும் சரியல்ல. பிறர் எழுதியதைக் காசில்லாமல் நகல் எடுப்பது ஒன்று. தான் வாங்கிய ரேடியோ எப்படிப் பேசுகிறது என்று படித்து, தன் கையாலேயே புதிதாக ஒன்றை எழுதி, அதை நாலு பேருக்குக் கொடுப்பது முற்றிலும் வேறு. முதல் வேலையால் என்ன மிஞ்சியது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது வேலையின் அருமை 2014-இல் தெரிந்தது.

விளக்கு அணைந்த பிறகு

டி.எஸ். கருவிகள் உலகம் முழுவதும் சேர்ந்து விளையாட நிண்டெண்டோ 2005 நவம்பரில் ஓர் இலவசச் சேவையைத் தொடங்கியிருந்தது. அதன் பின்புலத்தில் கேம்ஸ்பை என்ற வேறொரு நிறுவனம் வேலை பார்த்தது. கேம்ஸ்பை கடையைக் கட்ட, 2014 மே 20 அன்று டி.எஸ்.ஸுக்கும் வீ கருவிக்குமான அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. கருவி கெடவில்லை, அட்டை கெடவில்லை, வீட்டில் வைஃபையும் இருக்கிறது. ஆனால் மறுமுனையில் போனை எடுக்க ஆளில்லை.

மூடும் அறிவிப்பு பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. இருந்த மூன்று மாதங்களில் ஆர்வலர்கள் கருவியும் சர்வரும் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து ஆராயத் தொடங்கினார்கள். அந்த ஆண்டிலேயே மாற்று சர்வர்கள் வந்தன. 'வீம்ஃபை' என்ற சேவை நடக்க ஆரம்பித்தது. மூல நிரலோடு வெளிவந்த 'ஆல்ட்.டபிள்யூ.எஃப்.சி.' என்பதை யார் வேண்டுமானாலும் தன் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம். விளையாடுகிறவர் செய்ய வேண்டியதில் முக்கியமானது, கருவியின் செட்டிங்கில் டி.என்.எஸ். எண்ணை மாற்றுவது. பழைய வீட்டுக்குப் போகும் கடிதத்தைத் தபால்காரரிடம் சொல்லிப் புது விலாசத்துக்குத் திருப்புவது மாதிரி.

இன்னொரு பூட்டும் காலத்தால் துருப்பிடித்தது. டி.எஸ்.ஸுக்குத் தெரிந்த வைஃபைப் பாதுகாப்பு டபிள்யூ.ஈ.பி. ஒன்றுதான். அது பலவீனமானது என்று ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் என்ற மூன்று அறிஞர்கள் 2001-லேயே காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று ஆண்டு கழித்து வந்த கருவியிலும் அதுதான்! வீடுகளெல்லாம் டபிள்யூ.பி.ஏ. பூட்டுக்கு மாறியபோது, நல்ல நிலையில் இருந்த டி.எஸ். தன் வீட்டு வைஃபைக்கே அந்நியமானது. 2008-இல் வந்த 'டி.எஸ்.ஐ.' மாடலில் புதிய பூட்டுக்கு வசதி செய்தார்கள். பழைய டி.எஸ். விளையாட்டுகளால் அதையும் பயன்படுத்த முடியவில்லை. ஏனென்றால் முன்பே சொன்னபடி, நெட்வொர்க் புரோகிராம் ஒவ்வொரு அட்டைக்குள்ளும் அடைபட்டிருக்கிறது.

இங்கேதான் அந்தப் பழைய திறந்த லைப்ரரி மறுபடி கைகொடுத்தது. 'பிளாக்ஸ்.டி.எஸ்.' என்ற புதிய புரோகிராம் கருவித் தொகுப்பு 2023-இல் வந்தது. அதை நடத்துகிறவர்கள் 2005–2006-இல் எழுதப்பட்ட டி.எஸ்.வைஃபை லைப்ரரியை எடுத்துத் தூசி தட்டி, டி.எஸ்.ஐ.யின் புதிய ரேடியோவையும் அதன் புதிய பூட்டையும் சேர்த்தார்கள். பக்கத்தில் இருக்கும் கருவிகள் தமக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் முறையையும் சேர்த்தார்கள். இந்தக் கடைசி விஷயம் லேசானதல்ல. ஒரு கருவி தலைவனாக இருந்து ஒரே அழைப்பை அனுப்ப, மற்ற கருவிகள் தத்தம் நேரம் வரும்போது மைக்ரோ வினாடிக் கணக்கில் பதில் சொல்ல வேண்டும். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது வரிசையாக "உள்ளேன் ஐயா" சொல்வது போல. யாராவது முந்தினாலும் பிந்தினாலும் குழப்பம்.

இதைவிடப் பழைய கதையும் உண்டு. ஜப்பானில் கேம் பாய் கருவியை செல்போனோடு இணைத்து விளையாட நிண்டெண்டோ 2001 ஜனவரி 27 அன்று ஒரு சேவை தொடங்கி, 2002 டிசம்பர் 14 அன்று மூடிவிட்டது. முழுசாக இரண்டு வருஷம்கூட இல்லை. அதைப் பதிவு செய்து வைக்க அப்போது யாரும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, விளையாட்டு அட்டைகளில் இருந்த புரோகிராமை மட்டும் படித்து, மறுமுனை சர்வர் என்ன பதில் சொல்லியிருக்கும் என்று ஊகித்து, அதையும் திறந்த நிரலாக எழுதி உயிர்ப்பித்திருக்கிறார்கள். பாதி உரையாடலைக் கேட்டு மீதியை எழுதியதுபோல. டி.எஸ்.ஸுக்கு அடுத்த 3டி.எஸ். கருவியின் இன்டர்நெட் விளையாட்டுச் சேவை 2024 ஏப்ரல் 8 அன்று நின்றபோது, 'பிரெட்டெண்டோ' என்ற திறந்த மாற்று முன்கூட்டியே தயாராகிக்கொண்டிருந்தது. அனுபவம் பேசியது.

நமக்கு என்ன?

இதையெல்லாம் ஏன் நம் மலரில் எழுதுகிறேன் என்றால், நம்மில் பலர் கருவி செய்யும் இடத்திலும் புரோகிராம் எழுதும் இடத்திலும் வேலை பார்த்தோம், பார்க்கிறோம். சேவையை ஒருநாள் நிறுத்துவது வியாபாரத்தில் சகஜம். யாரும் சாசுவதமாகச் சர்வர் ஓட்ட முடியாது. ஆனால் நிறுத்துகிற அன்று அந்தக் கையேட்டையாவது வெளியிட்டுவிட்டுப் போகலாமே? பூட்டிய வீட்டின் சாவியை ஊர்ப் பெரியவரிடம் கொடுத்துவிட்டுப் போவதில் என்ன நஷ்டம்? இன்று விளையாட்டுப் பெட்டிக்கு நடந்தது, நாளை தண்ணீர் மோட்டாருக்கும், சர்க்கரை அளக்கும் கருவிக்கும் நடக்கும். அவையெல்லாமும் இப்போது எங்கோ இருக்கும் ஒரு சர்வரோடுதான் பேசுகின்றன.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதையில் மிகக் கெட்டிக்காரத்தனமான வேலை ரேடியோவைப் புரிந்துகொண்டது. ஆனால் இருபது ஆண்டு கழித்தும் பயன்பட்டது, புரிந்துகொண்டதை ஒருவர் தெளிவாக எழுதி, பிறர் எடுத்துக்கொள்ள உரிமமும் சேர்த்து வைத்ததால்தான். தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் அந்த அறிவும் மூடிய சர்வர் மாதிரி அணைந்திருக்கும். எனவே பிராஜெக்ட் முடிந்ததும் ரெக்கார்டு நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என்ன செய்தீர்கள், எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று எழுதி, நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். உங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் அதைத் தேடி வருவார்.